கதவுக்கு வெளியே ஒருத்தன்: ஒரே படம் ஒருத்தரைப் பதறவைத்து இன்னொருத்தரைத் தூங்கவைப்பது எப்படி?

போன தை மாதம் எங்கள் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர் வீடு. வருஷம் முழுக்க அப்பத்தாவும் துணைக்கு ஒரு அம்மாவும் மட்டுமே புழங்குகிற அந்த வீட்டில் அந்த நாலு நாளும் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம். விசேஷம் முடிந்து வந்தவர்கள் பாதிப்பேர் கிளம்பிய பிறகு, சின்னப் பையன்கள் சேர்ந்து வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) இரண்டு தூணுக்கு நடுவே வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, புரொஜெக்டர் வைத்து ஒரு படம் போட்டார்கள். 2016இல் வந்த ‘ஹஷ்’ என்கிற ஆங்கிலப் படம், மைக் ஃபிளனகன் இயக்கியது. ஓடுவது 80 நிமிடம் சொச்சம். வசனம் ரொம்பக் குறைவு, அதனால் இங்கிலீஷ் தெரியாதவர்களும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எல்லோரையும் உட்காரவைத்தார்கள்.

கதை சின்னது. காட்டுக்கு நடுவே ஒரு வீடு. அதில் தனியாக வசிக்கிற மேடி என்கிற எழுத்தாளருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பதின்மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. ஒரு ராத்திரி முகமூடி போட்ட ஒருத்தன் அந்த வீட்டுக்கு வெளியே வந்து நிற்கிறான். மீதிப் படம் முழுக்க அவன் வெளியே, அவள் உள்ளே. முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பயப்படாமல் மேலே படிக்கலாம்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஆரம்பித்தது சண்டை. காலேஜ் படிக்கிற தம்பி மகன் “இந்த மாதிரி பார்த்ததே இல்லை” என்று எழுந்து நின்றே பேசினான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அயித்தான் (அக்கா வீட்டுக்காரர்), “கதவு பூரா கண்ணாடி, அவன் ஒரு கல்லை எடுத்துப் போட்டா அஞ்சு நிமிஷத்துல படம் முடிஞ்சிருக்கும், லாஜிக்கே இல்லை” என்றார். ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாதிப் படத்தை முந்தானைக்குள்ளிருந்துதான் பார்த்தாள். அம்மான் இருபதாவது நிமிஷமே குறட்டை விட்டுவிட்டார். அப்பத்தா சொன்னது வேறு மாதிரி, அதற்குக் கடைசியில் வருகிறேன். ஒரே வேட்டியில் ஓடிய ஒரே படத்துக்கு இத்தனை அபிப்பிராயமா என்று அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் யோசித்தேன். இந்த வகைப் படம் எப்படி வேலை செய்கிறது என்று அடிப்படையிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தால் சண்டையின் காரணமும் பிடிபடும் என்று தோன்றியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஹோம் இன்வேஷன் த்ரில்லர் என்பார்கள். வீட்டுக்குள் ஆள் புகுந்து, அல்லது புகப்போவதாக மிரட்டி, உள்ளே இருப்பவர்கள் தப்பிக்கிறார்களா என்று காட்டுகிற படம். பேய்ப்படத்திலிருந்து இது ஒரு விஷயத்தில் ரொம்பவே விலகி நிற்கிறது. பேயை நம்பாதவர் பேய்ப்படத்தைச் சிரித்துக்கொண்டே பார்த்துவிடலாம். திருடனை நம்பாதவர் யாரும் கிடையாது. எல்லோர் வீட்டிலும் கதவு இருக்கிறது, எல்லோரும் ராத்திரி படுக்கும்முன் அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம், இந்தப் படங்கள் கை வைப்பது அந்தப் பழக்கத்தின் மேல்தான்.

அடுத்தது சஸ்பென்ஸ் என்கிற சொல். தமிழில் நாம் இதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். கொலைகாரன் யார் என்று கடைசிவரை மறைத்தாலும் சஸ்பென்ஸ், திடீரென்று பூனை குதித்து நமக்குத் தூக்கிவாரிப்போட்டாலும் சஸ்பென்ஸ், இடைவேளையில் ஒரு திருப்பம் வந்தாலும் சஸ்பென்ஸ். சினிமா பேசுகிறவர்கள் இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். பிரித்தது யார் என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவது த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக்கைத்தான். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோ அவரை நாள்கணக்கில் பேட்டி எடுத்தார், 1966இல் அது புத்தகமாக வந்தது. அதில் அவர் சொன்ன மேசை வெடிகுண்டு உதாரணம் பிரசித்தம். இரண்டு பேர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மேசைக்கு அடியில் இருந்த குண்டு திடீரென்று வெடிக்கிறது: பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பதையும் ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதையும் நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால் என்றும் காட்டிவிட்டு, அவர்களைப் பேசவிட்டால்? அந்த உப்புச்சப்பில்லாத பேச்சைப் பதினைந்து நிமிஷம் உள்ளங்கை வேர்க்க வேர்க்கக் கேட்போம். எழுந்து போங்களேன்டா என்று கத்தத் தோன்றும். அந்தக் கத்தத் தோன்றுவதற்குப் பேர்தான் சஸ்பென்ஸ்.

இதை எங்கள் வீட்டில் வைத்துச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடு பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்களும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். முகப்பு, அப்புறம் வளவு, அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் முகப்பில் நிற்கிறவருக்குக் கடைசி வாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்: முகப்பில் ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் கடைசி வாசலில் ஒரு நிழல் வந்து நிற்கிறது, நாம் பார்க்கிறோம், அவர் பார்க்கவில்லை, பக்கத்தைப் புரட்டுகிறார். அவ்வளவுதான், வேறெதுவும் நடக்க வேண்டாம். அதே நிழலை நமக்கும் காட்டாமல் கடைசியில் தோளில் கை விழுவதை மட்டும் காட்டினால் அது அதிர்ச்சி. பெரியவர் காலையில் இறந்து கிடக்கிறார், வீட்டில் இருந்த ஐந்து பேரில் யார் என்று தேடினால் அது மர்மக் கதை.

மர்மக் கதைக்கு நம் ஊர்ப் பக்கமே தொடர்புள்ள உதாரணம் இருக்கிறது. காரைக்குடி மண்ணில் பிறந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார், தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தி 1947இல் ‘நாம் இருவர்’ எடுத்து, அப்புறம் சென்னைக்குப் போனவர். அவருடைய ஏவிஎம் தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வந்தது, ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. படம் ஆரம்பித்த உடனே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுகிறார், சுட்டது யார் என்று விசாரித்துக்கொண்டே போகிறோம், ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் கதை சொல்கிறார்கள். அங்கே கொலைகாரருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. வீடு புகும் படத்தில் இது தலைகீழ்: வீட்டுக்காரருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

இந்த வித்தியாசத்தை ‘ஹஷ்’ எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்பதுதான் எனக்கு அந்தப் படத்தின் மேல் உள்ள மதிப்பு. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. மேடி அடுப்படியில் வேலையாக நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ரத்தக் காயத்தோடு ஓடிவந்து கண்ணாடிக் கதவைப் படபடவென்று தட்டுகிறாள். தட்டுவது நமக்குக் கேட்கிறது, மேடிக்குக் கேட்காது. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு கண்ணாடி, சில அடி தூரம். திரும்பினால் போதும், திரும்பமாட்டேன் என்கிறாள். வெடிகுண்டு உதாரணத்தில் இயக்குநர் குண்டை மேசைக்கு அடியில் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. இங்கே ஒளிக்கவே இல்லை, ஆள் பட்டவர்த்தனமாக நிற்கிறான், சத்தம் ஊரைக் கூட்டுகிறது, ஆனாலும் அவளுக்குத் தெரியாது. நடுநடுவே மேடியின் காது வழியாக நாம் கேட்கிற மாதிரிச் சத்தத்தை மங்கவும் வைக்கிறார்கள். அப்போது நம் காதும் போய்விடுகிறது, பின்னால் யாராவது வருகிறார்களா என்று நாமே திரையின் ஓரங்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

சரி, இவ்வளவு நன்றாகச் செய்திருந்தும் அம்மான் ஏன் தூங்கினார்?

இங்கேதான் படத்தை விட்டுப் பார்ப்பவர் பக்கம் வரவேண்டும். சஸ்பென்ஸைப் பற்றி எழுதிய தத்துவப் பேராசிரியர் நோயல் கரோல் ஒரு கணக்கு சொல்கிறார். நல்லது நடப்பதற்கு வாய்ப்புக் குறைவாகவும் கெட்டது நடப்பதற்கு வாய்ப்பு அதிகமாகவும் தெரிய வேண்டும், அப்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதாவது இரண்டு விஷயம் சேர்ந்தே இருக்கணும்: யார் பிழைக்கணும் என்று நாம் ஆசைப்பட வேண்டும், அவர் பிழைப்பது கஷ்டம் என்று நாம் நம்பவும் வேண்டும். இதில் எது விட்டுப்போனாலும் படம் படுத்துவிடும். அம்மான் மேடியைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவதற்கு முன்னாலேயே அசந்துவிட்டார், விசேஷ வீட்டு அலைச்சல் வேறு, நாலு நாளாகப் பந்திக்கும் வாசலுக்கும் நடந்த கால்கள். அவருக்கு ஆசை பிறக்கவில்லை. அயித்தானுக்கு ஆசை இருந்தது, நம்பிக்கைதான் உடைந்தது. “அவன் ஏன் கண்ணாடியை உடைக்கல?” என்கிற கேள்வி மனசில் விழுந்த நிமிஷமே அவர் மேடியின் பக்கத்திலிருந்து எழுந்து கதாசிரியரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார், தப்பு எங்கே என்று தேடுகிறவராக. அதற்கப்புறம் அவர் பார்த்தது வேறு படம்.

அயித்தானின் கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது என்பது என் கட்சி. முகமூடியைக் கழற்றிவிட்டு அந்த ஆள் சொல்கிறான், தான் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், ஆனால் அவள் செத்தால் தேவலை என்று நினைக்கிற வரைக்கும் வரப்போவதில்லை என்று. அவனுக்குத் திருட்டு நோக்கம் இல்லை, அவள் பயப்படுவதைப் பார்க்க வந்திருக்கிறான். எலியைக் கொல்லாமல் விளையாடும் பூனையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் அயித்தான் கேட்கிற இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “சரி, ஏன்? அவன் யாரு, இவ அவனுக்கு என்ன செஞ்சா?” படம் இதைச் சொல்லவே இல்லை. இந்த வகைப் படங்களில் பார்வையாளர்கள் இரண்டாகப் பிளவுபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம் சினிமா நம்மைப் பழிவாங்கலுக்குப் பழக்கியிருக்கிறது. வில்லன் ஒருத்தரைத் தேடி வந்தால் பின்னால் ஒரு நிலத்தகராறு, ஒரு துரோகம், ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கும். காரணம் கிடைத்தால் பயத்துக்கு ஒரு எல்லை கிடைக்கிறது, அந்தத் தப்பை நான் செய்யவில்லையே, என் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நிம்மதியாகப் படுக்கலாம். காரணமே இல்லாமல் வருகிறவன் அந்த நிம்மதியைக் கொடுக்க மாட்டான். சிலருக்கு அதுதான் படத்தின் உச்சம், சிலருக்கு அதுவே எழுதத் தெரியாத எழுத்து. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள், ஒருவர் பயந்தேன் என்கிறார், இன்னொருவர் ஏமாந்தேன் என்கிறார்.

இந்தப் பிளவை வேண்டுமென்றே கிளறிய இயக்குநரும் உண்டு. ஆஸ்திரியாவின் மைக்கேல் ஹனகே 1997இல் ‘ஃபன்னி கேம்ஸ்’ எடுத்தார், 2007இல் அதையே ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் ஆங்கிலத்தில் திரும்பவும் எடுத்தார். அதில் வீடு புகுந்த இளைஞர்களில் ஒருத்தன் கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசுகிறான், கதை தனக்குப் பாதகமாகப் போகும்போது ரிமோட்டை எடுத்துப் படத்தையே பின்னால் ஓட்டிவிடுகிறான். நாம் ஆசைப்பட்ட அந்த நல்லது நடந்து, பிறகு நம் கண் முன்னாலேயே அழிக்கப்படுகிறது. இன்னொருவர் வலியை வேடிக்கை பார்க்கத்தானே வந்தாய் என்று பார்வையாளரைக் கேட்கிற படம் அது. மேதைமை என்கிறவர்களும் இருக்கிறார்கள், காசு கொடுத்து வந்தவனை அறைகிறான் என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் பக்கம். முதல்முறையாக இந்த வகையைப் பார்க்கப் போகிறவர் தயவுசெய்து அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

இன்னொரு அடிக்கடி வருகிற குறை: “அவ ஏன் ஓடல? மரம் மாதிரி நிக்கிறா.” இதற்கு நான் படத்தின் பக்கம்தான் நிற்பேன். பயம் வந்தால் மனுஷ உடம்பு சண்டை போடும் அல்லது ஓடும் என்று மட்டும் நினைக்கிறோம், உறைந்து நிற்பதும் உடம்பின் இயல்பான பதில்தான். மானும் முயலும் செய்வதும் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து பார்க்கிற நமக்கு வீட்டின் வரைபடம் தெரியும், அவன் எந்த ஜன்னலில் நிற்கிறான் என்று தெரியும், அதனால் எந்தக் கதவு வழியாக ஓடலாம் என்று நமக்கு உடனே தோன்றுகிறது. அவளுக்கு அது எதுவும் தெரியாது. சஸ்பென்ஸ் உண்டாவதற்கு நமக்குக் கொடுத்த அந்தக் கூடுதல் தகவல்தான் அவளை முட்டாளாகவும் காட்டிவிடுகிறது. இந்த வகைப் படத்தோடு கூடவே பிறந்த சங்கடம் இது. ‘ஹஷ்’ இதை ஓரளவு சமாளிக்கிறது, மேடி எழுத்தாளர் என்பதால் ஒவ்வொரு தப்பிக்கும் வழியையும் மனசுக்குள் எழுதிப் பார்க்கிறாள், ஒவ்வொன்றும் எப்படி முடியும் என்று நமக்கும் காட்டுகிறார்கள்.

ஆச்சியின் பயம் எங்கிருந்து வந்தது என்று மறுநாள் காலை பலகாரம் சாப்பிடும்போது கேட்டேன். பெங்களூரில் அவள் ஃபிளாட்டில் பால்கனிக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. அயித்தான் ஊருக்குப் போகிற நாட்களில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத்தான் படுப்பாளாம். அவளுக்கு அந்தப் படம் கதையாகவே தெரியவில்லை. நாங்களெல்லாம் பெரிய கட்டைக் கதவும் கம்பி போட்ட ஜன்னலும் கொண்ட வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் மட்டும் அன்றைக்கு ராத்திரி பெங்களூரில் இருந்தாள். ஆகவே ஒரு படம் பயமாக இருந்ததா என்று யாரிடமாவது கேட்டால், அவர் எந்த மாதிரி வீட்டில், யாரோடு வசிக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதில் ஸ்டார் ரேட்டிங்கைவிட உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

தம்பி மகனுக்கு வந்த உற்சாகத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு. டால்ஃப் ஸில்மன் என்கிற ஆய்வாளர் சொன்னது: பயத்தில் ஏறிய படபடப்பு, ஆபத்து விலகிய உடனே இறங்கிவிடாது. உடம்பில் அது மிச்சம் இருக்கும்போதே நிம்மதி வந்தால், அந்த நிம்மதியும் அதே வேகத்தில் பெரிதாகத் தெரியும். ராட்டினத்திலிருந்து இறங்கியவன் சிரித்துக்கொண்டே இருப்பது மாதிரி. அதனால் படம் முடிந்த கையோடு ஒருவர் சொல்கிற அபிப்பிராயத்தில் அந்த ஏறிய ரத்தமும் கலந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் அவனிடம் திரும்பக் கேட்டபோது, “நல்ல படம்தான், ஆனா நடுவுல கொஞ்சம் இழுத்துட்டாங்கல்ல?” என்றான். முதல் நாள் சொன்னதும் பொய்யில்லை.

இப்போது அப்பத்தா. அப்பத்தாவுக்கு எண்பத்திரண்டு வயது, பத்து வருஷமாகக் காது போய்விட்டது, மெஷின் வாங்கிக் கொடுத்தும் இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள். படம் போடும்போது அவர்களுக்கு எதுவும் புரியாது என்று நினைத்து நாங்கள் ஓரமாக உட்காரவைத்திருந்தோம். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு அவர்கள்தான் கேட்டார்கள், “அந்தப் பிள்ளை என்னத்துக்கு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கு? காது கேட்காதவுக அப்படி உட்காரமாட்டாகளே. நான்லாம் சுவத்துலதான் சாய்வேன், யாரு வந்தாலும் நிழல் தெரியணும்ல.”

யாருக்கும் பதில் வரவில்லை. அயித்தான் பிடித்த லாஜிக் ஓட்டை எல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. மேடியாக நடித்த கேட் சீகல் காது கேட்பவர், இயக்குநரோடு சேர்ந்து கதை எழுதியவரும் அவரே. அப்பத்தா பிடித்த இடத்தை ஒரு காது கேட்பவர் எழுதும்போது எளிதில் தவறவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நான் இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறேன், அப்பத்தா எப்போதும் வளவில் அதே தூணை ஒட்டி, முகப்பும் இரண்டாம் கட்டு வாசலும் சேர்ந்து தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அவர்களோடு கடைசிக் கட்டுவரை நடந்தேன். பின்வாசலில் தாழ்ப்பாளைப் போட்டார்கள். தாழ் விழுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்காது, அதனால் உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டே தாழைத் தள்ளினார்கள், அது போய் விழுகிற அதிர்வு கைக்குத் தெரிந்த பிறகுதான் கையை எடுத்தார்கள். அப்புறம் இரண்டாம் கட்டுக் கதவு, அங்கேயும் அதே மாதிரி. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.